கோலார் தங்கவயலும் நிரம்பிப் போன டிஸ்க்கும்

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆபீசில் ஆணி கொஞ்சம் அதிகம். "எழுதறத விட்டுட்டியா?" என்று ஊரிலிருந்து நண்பன் ஒருவன் கேட்டுவிட்டான். விடவில்லை. எழுத நினைத்த விஷயம் கொஞ்சம் வெட்கப்பட வேண்டியது, அதனால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, தங்கமணியும் பசங்களும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள், வீடு அமைதியாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

பொட்டி தட்டுகிறவர்களுக்கு இதில் பாதி உடனே புரியும். தங்கவயல்காரர்களுக்கு மீதிப் பாதி புரியும். இரண்டும் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இப்போது இருப்பது ஜோஹானஸ்பர்க் பக்கத்தில், பாக்ஸ்பர்க்கில். பிறந்து வளர்ந்தது கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், மாரிகுப்பம் லைன் வீட்டில். தாத்தா வடாற்காடு ஜில்லாவிலிருந்து சுரங்க வேலைக்குப் போனவர். நைனா (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பைப் ஃபிட்டர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதற்குள் நான் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்துவிட்டேன். தங்கவயலிலிருந்து தப்பித்து வந்து, சுற்றிச் சுற்றிக் கடைசியில் இன்னொரு தங்கவயலில் வந்து விழுந்திருக்கிறேன் பாருங்கள் :-)

என் வேலை இதுதான். இங்கே ஆழமான சுரங்கங்களில் பாறைக்குள் அதிர்வுமானிகளைப் பதித்து வைத்திருப்பார்கள். பாறை விரிசல் விடும்போது வரும் சின்னச் சின்ன அதிர்வுகளை அவை பதிவு செய்யும். அந்தப் பதிவுகளைக் கிளவுடில் ஏற்றி, எங்கே அழுத்தம் சேர்கிறது, எந்தப் பக்கம் ஆட்களை அனுப்பலாம், எந்தப் பக்கம் கூடாது என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறோம். ஒரு சின்ன நிறுவனம். அதன் பெயர் இங்கே வேண்டாம். தப்பு என்னுடையது.

சில வருடங்களுக்கு முன் ஒரு இரவு. மூன்று மாதப் பதிவுகளை மொத்தமாக அலசி, காலை எட்டு மணிக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். உள்ளே போகும் ஃபைல்கள் 120 ஜிபி. கிளவுடில் வாடகைக்கு எடுத்த மெஷினில் 500 ஜிபி டிஸ்க். நாலு மடங்கு இடம் இருக்கிறதே, போதும் என்று ஓட விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். இரவு இரண்டு மணிக்கு, ஒன்பது மணி நேரம் ஓடிய பிறகு, ஜாப் விழுந்துவிட்டது. லாகில் கடைசி வரி: "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்".

கணக்கில் நான் விட்டது இரண்டு விஷயம். அந்த 120 ஜிபி சுருக்கி வைத்த அளவு. விரித்தால் ஐந்து மடங்கு. இரண்டாவது, பல ஃபைல்களை நேர வரிசைப்படி அடுக்கிச் சேர்க்கும்போது, நினைவகம் போதாமல், இடைப்பட்ட துண்டுகளை எல்லாம் டிஸ்க்கில்தான் தற்காலிகமாகக் கொட்டும். முடிவாக வரப்போகும் அட்டவணை ஒரு ஜிபி கூட இருக்காது. ஆனால் அதைச் செய்து முடிக்கும் வழியில் ஒரு கட்டத்தில் 800 ஜிபி தேவைப்படும். வீட்டில் பத்துப் பேருக்குச் சமைத்து முடித்த சாப்பாடு மேஜை மேல் அடங்கிவிடும். சமைக்கும்போது அடுப்படி முழுக்கப் பாத்திரம் பரவிக் கிடக்குமே, அதே மாதிரி.

பெரிய டிஸ்க் எடுக்க அனுமதி தர வேண்டியவர் வேறொரு தேசத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். என்ன செய்வது? டிஸ்க்கில் எது அதிக இடம் பிடிக்கிறது என்று பார்த்தேன். மிகச் சிறிய அதிர்வுகளின் மூல அலைப்பதிவுகள், 140 ஜிபி. ஒவ்வொரு அதிர்வின் நேரம், இடம், அளவு மூன்றும் ஏற்கெனவே ஒரு அட்டவணையில் இருக்கின்றன. மூல அலை எதற்கு? எல்லாம் இரைச்சல்தானே? அழித்துவிட்டேன். சுரங்கத்துச் சர்வரில் தொண்ணூறு நாளைக்கு மேல் பழைய பதிவு இருக்காது, அதன் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும் என்பது எனக்குத் தெரியும். நான் அழித்ததுதான் ஒரே பிரதி. அதுவும் தெரியும். தூக்கக் கலக்கம் என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை.

மிச்ச வேலையை மாத வாரியாகப் பிரித்து ஓட்டி, ஏழு மணிக்கு அறிக்கை போய்ச் சேர்ந்தது. பாராட்டி மெயில் கூட வந்தது.

நாலு மாதம் கழித்து அந்தச் சுரங்கத்தில் ஒரு சுரங்கப்பாதையின் கூரை இறங்கியது. ஷிஃப்ட் மாறும் நேரம், உள்ளே யாரும் இல்லை. ஒரு மெஷின் நசுங்கியது, அவ்வளவுதான். "அந்தப் பகுதியில் முன்பு வந்த சின்ன அதிர்வுகளின் மூலப் பதிவு வேண்டும், பாறையின் புதிய அளவீட்டை வைத்து இடத்தைத் திருத்திப் பார்க்கப் போகிறோம்" என்று பொறியாளர்கள் கேட்டார்கள். மூலம் இருந்தால் இடத்தை மறுபடி கணக்கிடலாம். அட்டவணையில் இருக்கும் ஒரு வரியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "இடம் போதாமல் அழித்துவிட்டேன்" என்று ஒரு வரி பதில் எழுதினேன். அவர்களும் ஒரு வரியில் "சரி" என்று எழுதினார்கள். திட்டியிருந்தால் கூட தேவலை.

அந்த வாரம் நைனாவோடு போனில் பேசினேன்.

"இன்னாடா, கொரலே சரியில்ல?"

சொன்னேன். கிளவுட், டிஸ்க் எல்லாம் விட்டுவிட்டு, பாறைச் சத்தத்தைப் பதிந்து வைத்திருந்தோம், சின்னச் சத்தத்தை எல்லாம் இடமில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

"சின்ன சத்தத்தையா தூக்கிப் போட்ட? டேய், எங்களுக்கு அதான்டா முக்கியம். பாற மொதல்ல சொடக்கு போடற மாதிரி பேசும். மேஸ்திரி கைய தூக்குவாரு, அத்தினி பேரும் வாய மூடிக்கினு நிப்போம். பெரிய சத்தம் வந்தப்புறம் அத கேக்க எவன் இருப்பான்?"

கொஞ்ச நேரம் இருமிவிட்டு, "அந்த பாம்பேக்காரங்கள பாத்தாவது கத்துக்கினிருக்கலாம் நீ" என்றார்.

பாம்பேக்காரர்கள் என்று அவர் சொன்னது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகளை. எங்கள் ஊர்ச் சுரங்கத்துக்குள் அவர்கள் வைத்திருந்த ஆய்வுக்கூடத்தைப் பற்றிச் சின்ன வயதில் கதை கதையாகக் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்று ஒழுங்காகப் படித்தது இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான். படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது. எனக்கு வந்த அதே பிரச்சினைதான் அவர்களுக்கும். கொட்டுவது கடல் போல, வேண்டியது ஒரு துளி, வைக்க இடம் கொஞ்சம்.

வானத்திலிருந்து மியூவான் என்ற துகள்கள் ஓயாமல் மழை போலப் பெய்துகொண்டிருக்கின்றன. உள்ளங்கையை விரித்தால் சுமாராக விநாடிக்கு ஒன்று கடந்து போகும். விஞ்ஞானிகள் பார்க்க விரும்பியது வேறொன்றை: வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ. அது எதன் மேலும் சட்டென்று மோதாது. பூமியையே ஊடுருவிப் போய்விடும். பல டன் எடையுள்ள கருவிகளை வைத்துக் காத்திருந்தால் வருடத்துக்கு ஒரு சில சிக்கலாம். தரைமேல் ஒரு சதுர மீட்டர் கருவியை வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் பத்தாயிரம் மியூவான்கள் விழும். அத்தனையையும் படம் எடுத்து, அதில் வருடத்துக்குச் சில நியூட்ரினோவைத் தேடுவது என்றால் உலகத்து ஃபிலிம் எல்லாம் போதாது. அப்போது பதிவு என்றால் ஃபிலிம்தான்.

அவர்கள் கண்ட வழி, வடிகட்டுவதைப் பதிவுக்கு முன்னாலேயே வைப்பது. முதல் வடிகட்டி, எங்கள் ஊர்ப் பாறை. 1950-களின் தொடக்கத்தில் ஹோமி பாபா தன் மாணவர் பி.வி. ஸ்ரீகண்டனைக் கோலார் சுரங்கத்துக்கு அனுப்பினார். ஆழம் போகப் போக மியூவான் எப்படிக் குறைகிறது என்று அளக்க வேண்டும். இந்த அளவீடுகள் படிப்படியாகக் கீழே போயின. 1960-களின் தொடக்கத்தில், சுமார் 2.7 கிலோமீட்டர் ஆழத்தில், இரண்டு மாதம் கருவியை ஓட விட்டார்கள். ஒன்று கூடப் பதிவாகவில்லை. பூஜ்யம்.

நானாக இருந்தால் ஜாப் ஓடவில்லை என்று நினைத்து நிறுத்தியிருப்பேன். அவர்களுக்கு அந்தப் பூஜ்யம்தான் பெரிய செய்தி. இரைச்சல் இவ்வளவு அடங்கிவிட்டது என்றால், இந்த ஆழத்தில் நியூட்ரினோவைத் தேடலாம்! பூஜ்யத்தை நம்ப முடிந்ததற்குக் காரணம், கருவி எத்தனை மணி நேரம் உயிரோடு இருந்தது, எவ்வளவு திறனோடு இருந்தது என்பதற்கு அவர்களிடம் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் பூஜ்யமும் பழுதான மெஷினும் ஒன்றுதான்.

பிறகு சாம்பியன் ரீஃபின் ஹீத்கோட் ஷாஃப்ட் பக்கம், 7,600 அடி ஆழத்தில், அதாவது சுமார் 2.3 கிலோமீட்டர் கீழே, கருவிகளை நிறுவினார்கள். அங்கே மியூவான் மழை தரைமேல் இருப்பதில் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். டாடா நிறுவனத்தோடு ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்துகொண்டன. எம்.ஜி.கே. மேனன், எஸ். மியாகே, ஏ.டபிள்யூ. உல்ஃபென்டேல் ஆகியோர் இந்தக் கூட்டில் இருந்தவர்கள்.

இரண்டாவது வடிகட்டி, கருவியை நிறுத்தி வைத்த விதம். மிச்சமிருக்கும் மியூவான்கள் பெரும்பாலும் மேலிருந்து செங்குத்தாகத்தான் வரும். பக்கவாட்டில் வர வேண்டுமானால் பல கிலோமீட்டர் கூடுதல் பாறையைத் தாண்ட வேண்டும், அது முடியாது. ஆகவே ஒளிர்பொருள் பலகைகளைச் சுவர் போல நிற்க வைத்தார்கள். பக்கவாட்டில் ஊடுருவும் தடம் இருந்தால், அது நியூட்ரினோ பாறையில் மோதி உண்டாக்கிய மியூவானாகத்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவது வடிகட்டி, மின்சுற்று. எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் ஒரே நேரத்தில் 'ஆமாம்' என்று சொன்னால்தான் நடுவில் இருக்கும் நியான் குழாய்களுக்கு உயர் மின்னழுத்தம் பாயும். துகள் போன வழியில் இருக்கும் குழாய்கள் மட்டும் மின்னும். கேமரா அதைப் படம் பிடிக்கும். இல்லாவிட்டால் ஃபிலிம் நகராது.

இந்த வரிசையைப் பாருங்கள். பாறை, திசை, மின்சுற்று, அதற்கப்புறம்தான் ஃபிலிம். இன்று ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில், விநாடிக்குச் சுமார் நாலு கோடி முறை புரோட்டான் கற்றைகள் சந்தித்துக்கொள்கின்றன. அதில் சில ஆயிரத்தை மட்டும்தான் வைத்துக்கொள்கிறார்கள், மிச்சம் அந்த நொடியிலேயே போய்விடும். தத்துவம் அதேதான். எதை விடலாம் என்ற விதியை ஆற அமர யோசித்து முன்கூட்டியே எழுதி, சோதித்து வைத்திருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு டிஸ்க் நிரம்பிய பிறகு யோசிப்பதில்லை.

இதில் எனக்கு இன்னொரு சந்தோஷம். அதே காலத்தில் இதே போட்டியில் இருந்தது இங்கே பாக்ஸ்பர்க்கில் உள்ள ஈஸ்ட் ரேண்ட் சுரங்கம்! அமெரிக்கரான ஃபிரெடரிக் ரெய்ன்ஸின் குழு, தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகளோடு சேர்ந்து, மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் கருவி வைத்திருந்தது. 1965 பிப்ரவரி 23 அன்று அவர்களுக்கு முதல் நியூட்ரினோ சிக்கியது. ஆனால் கட்டுரையாக அச்சில் முதலில் வந்தது நம்ம கோலார் முடிவு, 1965 ஆகஸ்ட் 15-ல். இவர்களுடையது ஆகஸ்ட் 30. பிடித்ததில் இவர்கள் முந்தி, சொன்னதில் நாம் முந்தி. இரண்டு குழுவுக்கும் பெருமை உண்டு. மகனைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடும் வழியில் அந்தப் பழைய சுரங்கப் பக்கம் போகும்போதெல்லாம் இதைச் சொல்லி அறுப்பேன். "தெரியும்ப்பா, ஆகஸ்ட் பதினஞ்சு" என்பான்.

சரி, வடிகட்டித் தாண்டி ஃபிலிமில் விழுந்ததை என்ன செய்தார்கள்? அங்கேதான் நான் தலை குனிய வேண்டியிருக்கிறது. அந்தக் கருவிகளில் பதிவானவற்றில் சில, எந்தக் கணக்குக்கும் ஒத்து வரவில்லை. இரண்டு மூன்று தடங்கள் ஒரு புள்ளியிலிருந்து பிரிகின்றன. அந்தப் புள்ளியோ பாறைக்குள் இல்லை, வெறும் காற்றில், அல்லது கருவியின் மெல்லிய பாகத்தில் இருப்பதாகத் தெரிகிறது. ஏதோ ஒரு புதுத் துகள் பறந்து வந்து அங்கே சிதைந்த மாதிரி. இரைச்சல் என்று ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கவில்லை. 1975-ல் வெளியிட்டார்கள். 'கோலார் நிகழ்வுகள்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. பிறகு துகள் முடுக்கிகளில் தேடிப் பார்த்தவர்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. விஷயம் ஆறிப் போனது.

ஆனால் 2014-ல் சென்னையில் எம்.வி.என். மூர்த்தி, ஜி. ராஜசேகரன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள், இது கரும்பொருள் துகளின் சிதைவாக இருக்கலாமோ என்று 'பிரமாணா' இதழில் எழுதினார்கள். சரியோ தப்போ, இன்னும் முடிவாகவில்லை. கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்து வந்த ஒரு புதுக் கேள்வியை அந்தப் பழைய தடங்களிடம் கேட்க முடிந்தது, அதுதான் எனக்கு முக்கியம். நான் அழித்த பதிவுகளிடம் நாலு மாதம் கழித்து வந்த கேள்வியைக் கூடக் கேட்க முடியவில்லை.

1980-ல் அதே ஆழத்தில் அடுத்த சோதனை. புரோட்டான் சிதையுமா என்று பார்க்க 140 டன் எடையில் ஒரு கருவி. இரும்புத் தகடுகளும் சுமார் 1,600 எண்ணிக் குழாய்களும் அடுக்கடுக்காக. அத்தனையும் ஷாஃப்டில் கேஜ் வழியாகத்தான் இறங்க வேண்டும். நைனா அந்தச் சமயத்தில் அந்தப் பக்கம் காற்றுக் குழாய் வேலை பார்த்தவர். "எங்க சாப்பாட்டு கேரியர் போற கேஜ்லதான் அவங்க இரும்பும் போச்சு" என்பார். சிதைவு போலத் தெரிந்த சில நிகழ்வுகளை அறிவித்தார்கள். ஜப்பான், அமெரிக்கப் பெரிய கருவிகளில் அது உறுதியாகவில்லை. இன்று வரை புரோட்டான் சிதைந்ததை யாரும் பார்க்கவில்லை. சுரங்கத்தின் நிலைமை மோசமாகி, 1992-ல் கோலார் சோதனையே முடிவுக்கு வந்தது.

இது விஞ்ஞானிகள் கதை. சுரங்கத்தின் சொந்தக் கதையிலும் இதே இடப் பிரச்சினை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

1880-ல் இங்கிலாந்தின் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் கம்பெனி வந்து ஆரம்பித்த நவீனச் சுரங்கம், 120 வருடத்தில் சுமார் 800 டன் தங்கம் கொடுத்தது. அதற்காக உடைத்து அரைத்த தாது ஐந்து கோடி டன்னுக்கு மேல். வகுத்துப் பாருங்கள், டன்னுக்கு 16 கிராம் வரும். தொடக்கத்தில் 40 கிராமுக்கு மேல் கிடைத்தது, மூடும்போது 3 கிராம் அளவுக்கு வந்துவிட்டது. அந்த 16 கிராம் போக மீதி? மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்த பிறகு, சக்கையைப் பக்கத்திலேயே கொட்டினார்கள். மூன்று கோடி டன்னுக்கு மேல், குன்று குன்றாக. தங்கவயல்காரர்களுக்குச் 'சயனைடு மலை' என்றால் தெரியும். சினிமாவில் பார்த்தவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

சின்ன வயதில் நாங்கள் அதில் சறுக்கி விளையாடியிருக்கிறோம். காற்றடி காலத்தில் லைன் வீடுகளுக்குள் அந்தத் தூசி வந்து படியும். அம்மா சோற்றுப் பானையை ஈரத்துணி போட்டு மூடி வைப்பாள். கக்கலில் எத்தனை தங்கம் வீணாகப் போகிறது என்று பார்ப்பது எல்லாத் தங்க ஆலைகளிலும் வழக்கம், கிராம் கணக்கில் சோதிப்பார்கள். அதே தூசி எத்தனை நெஞ்சுக்குள் போகிறது என்பதற்கு அந்தக் கணக்குப் புத்தகத்தில் பத்தி இல்லை. கீழே பாறைத் தூசி, மேலே சக்கைத் தூசி. நைனாவின் இருமல் இரண்டாலும் வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

தற்காலிகமாக என்று கொட்டி வைத்தது நூறு வருடம் நிற்கும். சயனைடு மலைக்கு மட்டும் பொருந்துகிற விஷயம் இல்லை இது. உங்கள் ஆபீஸ் சர்வரில் 'டெம்ப்' என்ற ஃபோல்டரைத் திறந்து பாருங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்தச் சக்கையில் இன்னும் தங்கம் இருக்கிறது. அன்றைய முறையில் எடுக்க முடியாதது இன்றைய முறையில் முடியும். இங்கே ஜோஹானஸ்பர்க்கில் மஞ்சள் நிறத்தில் நின்ற பழைய சக்கை மேடுகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து, மறுபடி தங்கம் எடுக்கிறார்கள். பல மேடுகள் காணாமலே போய்விட்டன. தங்கவயலிலும் 13 குன்றுகளை மறுபடி அலசக் கர்நாடக அமைச்சரவை 2024-ல் ஒப்புதல் கொடுத்தது. அப்போது கிளம்பப் போகும் தூசிக்கு இந்தத் தடவையாவது கணக்கு வைப்பார்களா என்றுதான் மாரிகுப்பத்தில் இருப்பவர்கள் கேட்க வேண்டும்.

ஆக, எல்லாவற்றையும் வைத்திரு என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் வைக்கவும் முடியாது, வைத்தால் அதுவும் மலையாகும். கோலாரில் நான் கற்றது, எறிவதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்பது. இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன்.

ஜாப் ஆரம்பிக்கும் முன் உச்ச அளவைக் கணக்கிடுகிறேன். உள்ளே வருவது எவ்வளவு என்பதோடு நிற்காமல், விரித்தால் எவ்வளவு, நடுவில் எத்தனை பிரதி என்றும் பார்ப்பேன். நூறில் ஒரு பங்கு டேட்டாவை ஓட்டிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வேண்டாத பத்திகளையும் தேதிகளையும் முதல் படியிலேயே கழித்துவிடுகிறேன். பாறையைப் போல வடிகட்டி முன்னால் இருக்க வேண்டும். இரண்டு பெரிய அட்டவணைகளைச் சேர்த்த பிறகு கழிப்பதில் பிரயோஜனம் இல்லை. மூன்று மாதத்தை ஒரே மூச்சில் ஓட்டாமல் நாள் நாளாக ஓட்டி, ஒரு நாள் முடிந்ததும் அதன் இடைப்பட்ட குப்பையை அழித்துவிட்டுத்தான் அடுத்த நாள்.

மூலப் பதிவு ஓரிடம், தற்காலிகத் துண்டுகள் ஓரிடம், முடிவு ஓரிடம். மூலம் இருப்பது கிளவுடில் மலிவான ஆவணச் சேமிப்பில். அங்கே எனக்குப் படிக்க மட்டும்தான் அனுமதி, அழிக்க அனுமதி இல்லை. நானே கேட்டு எடுத்துவிடச் சொன்னேன். எதையாவது அழிக்கும் முன் ஒரே கேள்வி: இதை மறுபடி உண்டாக்க முடியுமா? முடியும் என்றால் தயங்காமல் அழி. முடியாது என்றால் இரவு இரண்டு மணிக்கு அந்த முடிவை எடுக்காதே, காலையில் நாலு பேரைக் கேட்டுச் செய். அப்படியே அழித்தாலும், எதை, எப்போது, எந்த விதிப்படி, எத்தனை என்று ஒரு வரி எழுதி வை. இரண்டு மாதப் பூஜ்யத்தை நம்ப வைத்தது அந்த மாதிரி ஒரு கணக்குதான்.

மாதா மாதம் ஆவணச் சேமிப்புக்குப் பில் வரும்போது, "இந்த இரைச்சலை எல்லாம் ஏன் காசு கொடுத்து வைத்திருக்கிறோம்?" என்று மேலே இருப்பவர் கேட்பார். நான் அந்த நசுங்கிய மெஷினின் படத்தை அனுப்பி வைப்பேன். அடுத்த மாதம் வரை கேட்கமாட்டார்.

நைனாவுக்கு இப்போது எண்பத்தொன்று. இப்போதும் அதே லைன் வீடுதான், என்னோடு வரமாட்டேன் என்கிறார். போன வாரம் பேசும்போது, "சின்ன சத்தத்தெல்லாம் இப்ப வெச்சிக்கிறியா?" என்று கேட்டார்.

"வெச்சிருக்கேன் நைனா."

"எத்தினி நாளைக்கு?"

"ஏழு வருஷத்துக்கு."

"அப்புறம்?"

பதில் சொல்லவில்லை. அவரே, "சரி, அப்ப யாரயாச்சும் கேட்டுக்கினு செய்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பின்குறிப்பு: பொட்டி தட்டும் தம்பி தங்கைகளுக்கு நாலு விஷயம். ஒன்று, ஸ்பார்க் மாதிரியான மென்பொருள், நீங்கள் வேறு இடம் சொல்லாவிட்டால், இடைப்பட்ட துண்டுகளை மெஷினின் 'டெம்ப்' ஃபோல்டரில்தான் கொட்டும். அது பெரும்பாலும் சின்ன டிஸ்க்கில் இருக்கும். நீங்கள் காசு கொடுத்து மாட்டிய பெரிய டிஸ்க் பக்கத்தில் காலியாக உட்கார்ந்திருக்கும். இரண்டு, கிளவுடில் டிஸ்க்கைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது, அதன் மேல் இருக்கும் ஃபைல் அமைப்பையும் விரிக்கச் சொல்ல வேண்டும். மூன்று, லினக்ஸில் ஃபைலை அழித்தும் இடம் திரும்ப வரவில்லையா? ஏதோ ஒரு ஜாப் அதை இன்னும் திறந்து வைத்திருக்கிறது, அதை நிறுத்தினால் இடம் வரும். நான்கு, இடம் இருக்கிறது என்று காட்டியும் 'இடமில்லை' என்று சொன்னால், லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல்களை எழுதியிருப்பீர்கள். ஃபைல்களின் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு உண்டு. அவற்றைச் சேர்த்துப் பெரிய ஃபைல்களாக்குங்கள்.

தங்கவயல்காரர்கள் யாராவது ஜோஹானஸ்பர்க் பக்கம் வந்தால் சொல்லுங்கள். ஒரு நாள் பழைய ஈஸ்ட் ரேண்ட் சுரங்கத்துப் பக்கம் கூட்டிப் போகிறேன், சாப்பாடு நம்ம வீட்டில்.